அண்ணாந்தால் தெரியும் அடிப்பக்கம்

சமையலறை மேல் கேபினட்டுக்கு எல்லோரும் கதவு பார்ப்பார்கள், கைப்பிடி பார்ப்பார்கள்; அதன் மொட்டை அடிப்பக்கத்தை அளவெடுத்துப் பலகை போட்டு மூடுவது என் தொழில். இப்படி ஒரு வேலை இருப்பதே மைசூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாரும் கேட்காத பொருளை விற்கப் படியேறுகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கூட்டாளி மஞ்சு கன்னடக்காரன். என்னோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது. நான் அளவு பார்த்துப் பசை தடவ, அவன் பலகையைத் தாங்கிப் பிடித்து ஸ்க்ரூ போடுவான். என் உயரத்துக்கு அது நடக்காத காரியம். அவன் போனால் தொழிலே போச்சு. அவனோ தசரா நெருங்கும்போது கறாராகச் சொல்லிவிட்டான்: "ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன் அக்கா. ஆர்டர் சேரலேன்னா ஹெப்பாள்ல ஃபேக்டரி வேலைக்கே போயிடறேன்."

"சேரும், பாத்துக்கிட்டே இரு" என்றேன். எங்கிருந்து சேரும் என்பது வேறு விஷயம்.

முக்காலி

மண்டி மொஹல்லாவில் ஒரு மசாலாக் கடைக்காரர் வீடு. ஆள் நல்ல உயரம். "அங்க என்னம்மா இருக்கு மூடறதுக்கு?" என்று விரட்டப் பார்த்தார். நான் வாக்குவாதமே பண்ணுவதில்லை. பையிலிருந்து மடக்கு முக்காலியை எடுத்து அடுப்பு மேடைக்கு எதிரில் போட்டு, "ஒரு நிமிஷம் உட்காருங்க சார்" என்றேன்.

உட்கார்ந்தார், அண்ணாந்தார். துருப்பிடித்த ஆணி, வழிந்து காய்ந்த பசை, போதாக்குறைக்கு இரண்டு பல்லி முட்டை. மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனைவி பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏண்டி, இத்தனை வருஷமா இதுக்கு அடியிலயா எனக்குக் காப்பி போட்டே?"

ஸ்டிக்கர்

ஹெப்பாளில் ஒரு ஐ.டி. தம்பதி. "பலகையெல்லாம் வேண்டாம், நாங்களே ஒட்டிக்கறோம்" என்று ஆன்லைனில் பூப்போட்ட ஸ்டிக்கர் வாங்கி அடிப்பக்கம் முழுக்க ஒட்டிவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நேர் கீழே இட்லிப் பானை. ஆவி விடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி ஸ்டிக்கர் கழன்று, பக்கத்து அடுப்பில் கொதிக்கிற சாம்பாரிலேயே விழுந்துவிட்டது.

வீட்டுக்காரர் போன் பண்ணினார்: "அக்கா, சாம்பார்ல இருந்த பூவை எல்லாம் எடுத்துட்டோம். மேல இருக்கறதை நீங்க வந்து எடுங்க."

வேஸ்ட் பீஸ்

ருக்மிணி மாமிக்கு மேல்கோட்டைப் பூர்வீகம். புது வீடு, திறந்த சமையலறை. ஹாலில் உட்கார்ந்தால் அடுப்பங்கரை முழுக்கத் தெரியும். "கொலு வருது மாமி, ஜமக்காளத்துல உட்கார்றவங்க கண்ணுக்கு அதுதான் படும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "கொலுவுக்கு வரவா பொம்மையைப் பாப்பாளா, உன் பலகையைப் பாப்பாளா?" என்று அனுப்பிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் நடந்ததை மாமியே பிறகு சொன்னார். ஒருத்தர் பாட, மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து வீட்டை நோட்டம் விட்டிருக்கிறார்கள். கேபினட்டுக்கு அடியில், தச்சர் எப்போதோ சாக்பீஸில் பெரிதாக எழுதி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. நாத்தனார் அதை உரக்கப் படித்தாராம்: "மன்னி, இதென்ன 'வேஸ்ட் பீஸ்'னு எழுதியிருக்கு!"

ஆயுத பூஜை

மறுநாள் காலையில் மாமி போனில் அழாத குறை. "சாயங்காலம் சம்பந்தி ஆத்துக்காரா வரா. இப்பவே வந்து மூடிடுடி!"

எங்கள் கடையில் டிரில், ரம்பம் எல்லாம் குங்குமமும் பூவுமாகப் பூஜையில் இருந்தன. அன்றைக்கு யாரும் கருவியைத் தொட மாட்டோம். "இன்னிக்கு முடியாது மாமி. ஜமக்காளத்தைத் திருப்பிப் போட்டு, அடுப்பங்கரைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்க. நாளைக்குக் காலையில வர்றேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, யாரோடு போவது? மஞ்சு சொன்ன கெடு அன்றோடு முடிகிறது. பூஜைப் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

விஜயதசமி காலையில் போனால், கடை வாசலில் மஞ்சு, டிரில்லில் சுற்றிய பூவைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்! "ஃபேக்டரிக்குப் போகலையா?" என்றேன். நேற்று சாயங்காலம் மனைவியோடு கொலு பார்க்கப் போனானாம். சொன்னான்: "நான் ஒரு பொம்மையும் பாக்கல்ல அக்கா. கீழே உக்காந்து மூணு வீட்டு அடிப்பக்கம் பாத்தேன், மூணு பேரும் வரச் சொல்லிட்டாங்க. பலகையை எடுங்க, மாமி வீட்டுக்கு நேரமாச்சு."

ஜனங்கள் தரையில் உட்காருகிற வரைக்கும் எங்களுக்குச் சோறு உண்டு. நாற்காலிக் கடைக்காரர்கள்மேல் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் கோபம்.