ஐம்பத்தேழாம் டோக்கன்

பாண்டிலட்சுமியை முதல் ஒரு வருடம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பற்றி எழுத வேண்டும்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில், நாலா பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த ஓர் ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். அவர் வாசல் காவலுக்காகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த ஆள். மாணவர்கள் செல்போன் கொண்டு வரக் கூடாது என்பது உத்தரவு. கொண்டு வருவார்கள் என்பது உண்மை. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடும் வீடுகள் எங்கள் ஊரில் பாதிக்கு மேல். பிள்ளை பஸ் ஏறி வீடு சேர்ந்ததா என்று கேட்க அவர்களுக்கு வேறு வழி கிடையாது. அதனால் தலைமையாசிரியை கற்பகவல்லி ஒரு முடிவுக்கு வந்தார்: காலையில் வாசலில் கொடுத்துவிட வேண்டும், நாலு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு பாண்டிலட்சுமியின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று நாங்கள்தான் நினைத்தோம். அவருக்கோ அது பழகிப்போன வேலை.

விஸ்வநத்தத்தில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். பன்னிரண்டு வருடம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், உள்ளே போகும் பெண்களைச் சோதிக்கிற வேலை பார்த்திருக்கிறார். முந்தானை, கொண்டை, தூக்குவாளி எதையும் விடமாட்டாராம். தீப்பெட்டி, செல்போன் இரண்டும் வாசலைத் தாண்டக் கூடாது. பங்காளிச் சண்டையில் அந்தக் கம்பெனி மூடிய பிறகுதான் எங்களிடம் வந்தார்.

“எனக்குத் தீப்பெட்டியும் ஒண்ணுதான், செல்போனும் ஒண்ணுதான் சார்” என்று முதல் நாளே சொன்னார்.

கம்பெனி முறையையே அவர் பள்ளிக்கும் கொண்டு வந்தார். புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் வைத்த ஒரு மர அலமாரி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண், அதே எண் போட்ட தகர டோக்கன். போனை வைத்தால் டோக்கன், டோக்கனைக் கொடுத்தால் போன்.

“அலமாரியில போன் இருந்தா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம். கம்பெனியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, யாரு வெளிய வந்தா, யாரு வரலைன்னு இதை வச்சுத்தான் சார் பாப்போம்” என்றார். பள்ளியிலும் அலமாரி காலியாகும் வரை அவர் வாசலைப் பூட்ட மாட்டார்.

புளிச்சோற்றுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டு வந்த போனையும் பிடித்தார். நோட்ஸ் புத்தகத்தின் நடுப்பக்கங்களை வெட்டிப் பள்ளம் பண்ணி வைத்திருந்ததையும் பிடித்தார். ஆனால் பிடித்ததை ஊருக்குச் சொல்ல மாட்டார். எந்தப் போனையும் ஏறிட்டுப் பார்க்கவும் மாட்டார். அலமாரியில் எல்லாப் போனும் குப்புறப் படுத்திருக்கும்.

இவ்வளவு நல்ல மனுஷியை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். என் போனையும் கேட்டாரே, அதனால்தான். தலைமையாசிரியை தன்னுடையதைத் தானாகவே கொடுத்துவிட்டார். வாத்தியார்களும் கொடுத்தால்தான் பிள்ளைகள் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வீட்டில் கிடந்த பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடி எடுத்தேன். தினமும் அதைக் கௌரவமாக அவரிடம் கொடுத்துவிட்டு, அசல் போனைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஒரு வருடம் இப்படியே ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போன ஆவணியில், தீபாவளி ஆர்டர் மும்முரமாக இருந்த நேரம். பதினோரு மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு சத்தம். கல்குவாரி வெடியா, கம்பெனி வெடியா என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பெஞ்சில் வேல்விழி எழுந்து நின்றாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா அய்யம்மாள் மட்டும்தான்.

“கிழக்க சார். எங்கம்மா வேலை பாக்குற கம்பெனிப் பக்கம்” என்றாள்.

கிழக்கே வெள்ளைப் புகை எழுந்துகொண்டிருந்தது. நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பள்ளி முழுக்க வாசலில் கூடிவிட்டது. பாண்டிலட்சுமி கேட்டைப் பூட்டிவிட்டு அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றார். போனைக் கொடுங்கள் என்று பிள்ளைகள் கத்தினார்கள். தலைமையாசிரியைக்கே மனம் இளகிவிட்டது.

“வேணாம் டீச்சர்” என்றார் பாண்டிலட்சுமி. பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: “இப்ப போனைக் குடுத்தா என்ன நடக்கும்? எவனாவது போன வருசம் வெடிச்ச படத்தை அனுப்புவான். அதைப் பாத்துட்டு அம்புட்டுப் பேரும் ரோட்டுல ஓடுவீக. தீயணைப்பு வண்டி வார ரோடு அது. யாரு வீட்டாளுக அந்தக் கம்பெனியில இருக்காகளோ, அவுக மட்டும் இங்கன உக்காருங்க. நான் கேட்டுச் சொல்றேன்.”

ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். அவர் ஆபீஸ் போனில் அந்தக் கம்பெனி வாசலுக்கு அடித்தார். அங்கே காவலுக்கு இருந்த சோலைச்சாமி, இவரோடு பழைய கம்பெனியில் வேலை பார்த்தவர். காய வைத்திருந்த சரக்குதான் வெடித்திருக்கிறது, காயப்போடும் மேடையில் ஆள் இல்லை, வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடு என்று அவர் சொன்னார்.

அந்தப் பத்து நிமிடம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வேல்விழியின் உதடு நடுங்கியதைப் பார்க்க முடியவில்லை. அவளை வராந்தா ஓரமாகக் கூப்பிட்டு என் போனைக் கொடுத்தேன். அம்மா வெளியே வந்து போனை எடுத்திருந்தால் பேசிவிடுவார் என்பது என் கணக்கு.

“அடிக்குது சார். எடுக்க மாட்டேங்குறாக” என்றாள்.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் செத்துக்கொண்டே வந்தது. போனைப் பிடுங்கவும் எனக்குத் துணிவில்லை. பாண்டிலட்சுமி கூப்பிட்டபோதுதான் திருப்பிக் கொடுத்தாள்.

சோலைச்சாமி இரண்டாவது தடவை போனில் வந்தார். அங்கே ஆளுக்கு என்றும் ஒரே டோக்கன்தான். பாண்டிலட்சுமி பிள்ளைகளிடம் எண்ணைக் கேட்டுச் சொல்லச் சொல்ல, அவர் அங்கே அலமாரியைப் பார்த்துப் பதில் சொன்னார். “ஒங்கப்பா வந்தாச்சு. ஒங்கம்மா வந்தாச்சு, எந்திரித்தா” என்று பாண்டிலட்சுமி ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பினார். எட்டுப் பேர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எழுந்து போனார்கள். வேல்விழி மட்டும் மிச்சம்.

“ஒங்கம்மா டோக்கன் என்னத்தா?”

“அம்பத்தேழு.”

பாண்டிலட்சுமி எண்ணைச் சொன்னார். கேட்டார். போனை வைத்தார். “லைன் கட்டாயிருச்சு. திரும்ப அடிப்போம்” என்று வேல்விழியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நான் ஆபீஸ் போன் இருந்த மேஜையை ஒட்டி நின்றேன். சோலைச்சாமிக்குக் கணீர்க் குரல். அவர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. “அந்த ஒரு போன்தான் லட்சுமி எடுக்காமக் கெடக்கு. யாரோ விடாம அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அதைப் பாத்துட்டு நம்ம ஆளுக ரெண்டு பேரு தேடி உள்ள போறாங்க.”

வெடிக்காத சரக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ. அதற்குள் இரண்டு பேர் போகிறார்கள். விடாமல் அடித்தது என் போனிலிருந்துதான்.

கால் மணி நேரம் இருக்கும். யாரோ கேட்டை உலுக்கினார்கள். காலில் செருப்பு இல்லை. முழங்கை வரை வெள்ளி நிறப் பட்டாசு மருந்து. முந்தானை முழுக்க மக்காச்சோளத் தோகையின் கிழிசல். அய்யம்மாள்.

வேல்விழி பாய்ந்து போய் அம்மாவின் தோளில் இரண்டு அடி அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். “ஏம்மா போனை எடுக்கல? ஏன் எடுக்கல?”

“போன் கேட்டுலல்ல கெடக்கு? முன்வாசலுக்குப் போகணும்னா புகையைத் தாண்டிப் போகணும். பின்வேலியில நுழைஞ்சு காட்டு வழியா ஓடியாந்தேன்” என்றார் அய்யம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “கையில போன் இருந்தாத்தான் யாருக்கு அடிக்க? ஒன் போனைத்தான் இந்த அக்கா வாங்கி வச்சிருப்பாகளே. சத்தத்தைக் கேட்டு நீ கெடந்து தவிப்பேன்னுதான் நேர்ல வந்துட்டேன்.”

நாங்கள் எல்லோரும் அம்மாவையும் மகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாண்டிலட்சுமி பார்க்கவில்லை. அவர் ஆபீசுக்குள் ஓடியிருந்தார்.

“அண்ணே, அம்பத்தேழு இங்கன நிக்குது. ஆமா, எங்க பள்ளிக்கூடத்துல, முழுசா நிக்குது. உள்ள போனவுகளை வெளிய கூப்பிடுங்க. மொதல்ல கூப்பிடுங்கண்ணே, நான் வைக்கல.”

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். இவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. கடைசியில் சோலைச்சாமியின் குரல் வந்தது. இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவருக்குக் கையில் லேசான தீப்புண், அவ்வளவுதான். வேறு யாருக்கும் எதுவும் இல்லை.

பாண்டிலட்சுமி “இருக்கன்குடி ஆத்தா” என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் கண் கலங்கியது. மனத்திலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போல இருந்தது. தலைமையாசிரியை எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார்.

டீ குடித்ததும் பாண்டிலட்சுமிக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. “வெளிய வந்தா டோக்கனைக் குடுக்கணும்னு ஒனக்குத் தெரியாதா? ஒன்னைத் தேடி ரெண்டு பேரு உள்ள போயிட்டாக” என்று அய்யம்மாளைப் பிடிபிடியென்று பிடித்தார். அய்யம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, டோக்கனை எடுத்து அவர் கையில் வைத்தார். பிள்ளைகளின் போன்களை மட்டும் பாண்டிலட்சுமி அன்றும் நாலு மணிக்குத்தான் கொடுத்தார்.

நாலரைக்குச் சோலைச்சாமி மொபெட்டில் வந்து அய்யம்மாளின் போனைக் கொடுத்து, டோக்கனை வாங்கிக்கொண்டார்.

“ஒரே நம்பர்ல இருந்து பதினோரு தடவ அடிச்சிருக்கு. அந்த அடியைக் கேட்டுத்தான் ஆளு உள்ள மாட்டிக்கிச்சுன்னு முடிவே கட்டினோம். எந்தப் புண்ணியவானோ” என்றார்.

வேல்விழி தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டிலட்சுமி என் பேன்ட் பையை ஒரு தடவை பார்த்தார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். அசல் போனையும் பட்டன் போனையும் சேர்த்து நீட்டினேன். அசலை வாங்கிக் குப்புற வைத்து டோக்கன் கொடுத்தார். பட்டன் போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இதை இனிமே வீட்டுல வச்சிட்டு வாங்க சார். பேட்டரி செத்து ஒரு வருசமாச்சு.”