முகம் சுளித்துக் குடிக்க வேண்டிய ஒயின்

எனக்குச் சிவப்பு ஒயின் பிடிக்கும். சீன மருந்துக் கடையில் மலிவாக விற்பார்களே, லேபிளில் திராட்சைக் குலை போட்டு, பாகு மாதிரித் தித்திப்பாக, அந்த ஒயின். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. சொல்ல விடாதவர்கள் யார் தெரியுமா? சாயங்காலம் ஆனால் கள்ளுக்கடை பெஞ்சில் குந்தியிருந்த மகாத்மாக்கள்தான். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளில் சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். பலகை வைத்துத் தடுத்த அறைகள். ஓர் அறையில் நானும் கணவரும், அடுத்ததில் அவருடைய அண்ணனும் அண்ணியும் அவர்கள் பெண்ணும். என் மூத்த பையன் அங்கேதான் பிறந்தான். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடித்துக் கொடுப்பார்கள். சிங்கப்பூருக்கு வந்த நம் ஜனங்கள் அதோடு ஒயினையும் சேர்த்துக்கொண்டார்கள். சீனப் பெண்கள் பிள்ளை பெற்றால் ஒயின் ஊற்றிக் கோழி சமைப்பதைப் பார்த்துப் பழகியதோ என்னவோ. ரத்தம் ஊறுமாம், உடம்பில் காற்று ஏறாதாம். பத்தியம் முடியும்வரை தினமும் சின்ன கிளாஸில் ஒயின். வாங்கி வருவது ஆண்கள், ஊற்றிக் கொடுப்பது வீட்டில் மூத்த பெண். எனக்கு அடுத்த அறையிலிருந்த என் ஓரகத்தி ஊற்றிக் கொடுத்தாள்.

அதைக் குடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. கண்ணை இறுக்கிக்கொள்ள வேண்டும், மூக்கைச் சுருக்க வேண்டும், குடித்து முடித்ததும் தோளை ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும்.

"மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் குடி. ஆம்பளைங்க பாக்குறாங்க," என்று முதல் நாளே காதோடு சொல்லிவிட்டாள் ஓரகத்தி.

சுளித்தால் அது மருந்து. சுளிக்காவிட்டால் சாராயம். இவ்வளவுதான் சட்டம். மாடியில் இருந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் குடித்திருக்கிறார்கள். எனக்கு ஊற்றிவிட்டு, பாட்டில் வாயை விரலால் வழித்து ஓரகத்தி நக்கிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது தெரிந்ததும் அதற்கும் ஒரு சுளிப்புச் சுளித்தாள்.

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த ஒரு கிளாஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலிக்கும். ஒயின் தொண்டையில் இறங்கிக் காதுமடல் வரைக்கும் சூடேறும். அந்த நேரத்தில் யாருக்கும் நான் எதுவும் செய்து கொடுக்க வேண்டியதில்லை. சுகமாக இருந்தது ஐயா, அதை வேறு எப்படிச் சொல்வது?

பத்தியம் முடிந்தது, பாட்டிலும் முடிந்தது. ஒருநாள் சாயங்காலம் கணவர் கள்ளுக்கடைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வரும்போது அந்த ஒயின் ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள் என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, குடிக்க நன்றாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன் என்றேன். வயிற்றுவலி என்று சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கி வந்திருப்பார். மடச்சி, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், கள்ளுக்கடையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கள்ளைக் குடித்துக்கொண்டே, தன் பெண்டாட்டி ஒயின் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன்காரர் எங்கள் அறைக்கு வந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். கள் வாடையை மறைக்க வாய் நிறைய வெற்றிலை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டை வைத்துக் கற்பூரத்தை ஏற்றினார். இனி சாகிறவரைக்கும் ஒயினைத் தொடமாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். செய்யாவிட்டால் அடுத்த கப்பலில் என்னை நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிடுவார்களாம். பிள்ளை இங்கேயே இருப்பானாம், ஓரகத்தி வளர்த்துக்கொள்வாளாம்.

"குடிகாரிகிட்ட எங்க வீட்டுப் புள்ளைய விடமாட்டோம்," என்றார்.

குடிகாரி! ஆசைப்பட்டு ஒரு பாட்டில் கேட்டவள் குடிகாரி. கால் பின்னப் பின்ன மாடிப்படி ஏறி வருகிறவர்கள் குடும்பத் தலைவர்கள். கணவரைப் பார்த்தேன். மனிதர் தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நகத்தைப் பிடுங்கி எடுத்தால் என்ன என்று இருந்தது. ஓரகத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இந்த வீட்டு ஆண்களும் சத்தியம் செய்கிறவர்கள்தான். வருஷா வருஷம் தீமிதிக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் கறி கிடையாது, கள் கிடையாது, முகத்தில் ஒரு தெய்வக்களை. காப்பை அவிழ்த்த அன்று சாயங்காலமே கள்ளுக்கடையில் கிடப்பார்கள். அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. அவர்கள் சத்தியத்துக்கு முடிவு உண்டு, என்னுடையதற்குக் கிடையாது. இதில் சாமிக்கு என்ன நியாயம் தெரிந்ததோ, எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பிள்ளைக்கும் பாட்டில் வந்தது. பத்தியத்துக்குக் குடிப்பது சத்தியத்தில் சேராதாம், மாமாவே சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். வீம்புதான். நாக்கு அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

அறுபதுகளில் எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்தது. சொந்தக் கதவு, சொந்தக் குழாய். மாமா குடும்பம் பழைய மாடியிலேயே இருந்தது. அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, அந்தப் படியில் பச்சை உடம்புக்காரி ஏறி இறங்க முடியாது என்று பத்தியத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓரகத்தியும் கூட வந்தாள். மாமா ஒரு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தால் அதே திராட்சைக் குலை. நன்றாக ஊற்றிக் கொடு, பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும் என்று என்னிடமே நீட்டினார். என்னிடம்! பழசெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை.

முன்னறையில் அண்ணனும் தம்பியும் பீர் பாட்டிலை உடைத்து உட்கார்ந்தார்கள். உள்ளே நான் ஊற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். கண் மலர்ந்தது, நான் பார்த்தேன். மறு நிமிஷமே திறந்திருந்த கதவு வழியாக அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள், தோளைக் குலுக்கினாள்.

"ச்சீ, கசக்குது சின்னம்மா," என்றாள்.

தித்திக்கிற ஒயின் கசக்கிறதாம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். தலைமாட்டில் அவள் அம்மா, சரியாகச் செய்தாய் என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். நான் இன்னொரு கிளாஸை எடுத்து நிறைய ஊற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதுவரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. நிதானமாகக் குடித்தேன்.

"நல்லாருக்கு," என்றேன், உள்ளே இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி.

கணவர் பதறிப்போய், "விடு லா, உள்ள போ," என்றார். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்ணுனவ நீ," என்றார்.

"ஆமா மாமா. புள்ளையப் புடுங்கிருவேன்னு சொன்னீங்க, பண்ணுனேன். அவன் இப்ப ஸ்கூலுக்குப் போறான். இனிமே எங்கிட்ட எதைப் புடுங்குவீங்க?"

மாமா பீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். என் கணவரும் செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணன் பின்னாலேயே போனார். போகட்டும் என்று இருந்தேன்.

உள்ளிருந்து ஓரகத்தி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கையில் ஒரு காலி கிளாஸ்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.

நிறையவே ஊற்றினேன். வீட்டில் எங்களைப் பார்க்க ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. வாசல் கதவைக்கூடச் சாத்தியிருந்தேன். அவள் கிளாஸை வாயில் வைத்து ஒரே மடக்கில் குடித்தாள். குடித்துவிட்டு, கண்ணை இறுக்கி, மூக்கைச் சுருக்கி, தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.