குடில் பாட்டும் சிதம்பரம் பஸ்ஸும்

எங்கள் வீட்டில் பாடகி என்றால் நான்தான். கோயில் பாடற்குழுவில் முன்வரிசை. பள்ளி விழாக்களில் கடவுள் வாழ்த்து. அதனால், அம்மாவின் தம்பியான மாமா பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருக் குடிலுக்கு வீட்டிலேயே பாட்டு தயாராகும் என்று அறிவித்தபோது, யார் பாடுவது என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

செம்மங்குப்பத்தில் சிதம்பரம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியில் மாமாவுக்கு வேலை. கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடுதான் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்தால் மட்டும், கம்ப்யூட்டர் விஷயமாகச் சிநேகிதனைப் பார்க்க வேண்டும் என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்.

ஒரு சத்தத்தைப் பிடித்து, வேண்டிய துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அது லூப். வீடியோ பார்த்து இந்த வித்தையைக் கற்றிருந்தார். இட்லிப் பானை மூடியைத் தட்டியது தாளமானது. முறத்தில் அரிசியை உருட்டியது சலங்கையானது. அரிசி சிந்தினால் இருவருக்கும் சோறு கிடையாது என்று அம்மா எச்சரித்துவிட்டுப் போனாள்.

என் முறை வந்தது. மாமா ஃபேனை நிறுத்தினார். எதிரொலி வராமலிருக்கப் பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவே மைக்கை வைத்தார். வேர்த்து விறுவிறுக்கப் பாடினேன். இரண்டாம் சரணத்துக்காக மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, சிதம்பரம் போகும் தனியார் பஸ் ஏர் ஹாரனில் ஒரு மெட்டையே வாசித்துவிட்டுப் போனது. மாமா ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"இது போதும் பாப்பா. பாட்டு வேணாம், வெறும் மியூசிக்கே போட்டுக்கலாம்."

"அப்ப நான் பாடுனது?"

"நீதான் கோயில்ல வாராவாரம் பாடுறியே."

பாட்டிலிருந்து என் குரல் போனது. பஸ்ஸின் குரல் தங்கியது. ஒரு பஸ்ஸைப் பார்த்து வயிறெரிந்த ஆள் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். அன்று முதல் குடும்ப ஜெபமாலையில் எனக்கென்று ரகசியமாக ஒரு வேண்டுதல் கருத்தைச் சேர்த்துக்கொண்டேன்: அந்த பஸ் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது எங்கள் ஊருக்கு வராமல் ஆலப்பாக்கத்திலேயே பஞ்சராகி நிற்க வேண்டும்.

மாதா கேட்கவில்லை. குடில் திறந்த சாயங்காலம் பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அதிலிருந்து பச்சைச் சுடிதார் போட்ட அக்கா ஒருத்தி இறங்கி நேராகக் குடிலுக்கு வந்தாள். ஸ்பீக்கரில் இட்லிப் பானை தட்டியது, அரிசி உருண்டது, ஹாரன் பாடியது. ஊரே தலையாட்டியது. அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும் சீரியல் லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்த மாமா ஸ்டூலிலிருந்து விழப்பார்த்தார்.

அவள் என்னருகே வந்து நின்றாள்.

"நீதான அவங்க அக்கா பொண்ணு? பாட்டு நல்லாருக்குல்ல?"

"அது பாட்டு இல்ல, பஸ்ஸு," என்றேன்.

"தெரியும். எங்க பஸ்ஸு."

அந்த 'எங்க'வில் யார் யார் அடக்கம் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த வருஷம் அவள் அத்தையாக எங்கள் வீட்டுக்கு வரப்போவதும், மாமா அவளோடு தனிக்குடித்தனம் போய்விடப்போவதும் எனக்கு எங்கே தெரியும்? ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை முறைத்துக்கொண்டு நின்றேன். வயிறெரிய வேண்டிய ஆளோ என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.