காற்றுக்குத் தலை வாரும் தெலியா

தலைமுடிக்குக் கடைசிச் சுற்று ஸ்ப்ரே அடித்துவிட்டு, அந்தப் புகை அடங்குவதற்குள் தெலியா கில்பேன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "காரை எங்க நிறுத்தியிருக்க?"

தேவாலயத்துப் பக்கம் என்றால் முடியை இடது புறமாகத் தூக்கி நிறுத்துவாள். பெட்ரோல் பங்க் பக்கம் என்றால் வலது புறம். கடல் காற்று அதைத் தள்ளிக்கொண்டே போய், கார்க் கதவைத் திறக்கும்போது இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும் என்பது அவள் கணக்கு. காரில்லாமல் நடந்து வருகிறவர்களிடம் அவளுக்கு இரக்கம் மட்டுமே உண்டு. "நடந்து போறவளுக்கு எதுக்குடி அலங்காரம்? ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள தொடப்பக்கட்டை ஆயிடுவ" என்று திட்டிக்கொண்டே, இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மழைத்தொப்பியை எடுத்து, தன் கையாலேயே மாட்டி, தாடைக்குக் கீழே நாடாவை முடிச்சுப் போட்டு அனுப்புவாள். எல்லோருக்கும் ஒரு முடிச்சு. மனதுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் இரண்டு.

அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் சிகையலங்காரக் கடை வைப்பவருக்கு நகைச்சுவை உணர்வு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பிழைப்புக் கிடைத்திருக்கக் கூடாது. தெலியாவின் கடை வீட்டு முன்னறை. இரண்டு நாற்காலிகள், ஒரு கண்ணாடி, குளிர்காலம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கும் பெயர்ப்பலகை. அதை நிமிர்த்தி வைப்பதை அவள் நிறுத்திப் பல வருடங்களாகின்றன. கூரை ஓடு பறந்தாலும், ஆட்டுக்குட்டி பறந்தாலும் அவள் வாயில் வருவது ஒன்றுதான். "சின்னக் காத்துதான்."

ஸ்ப்ரே டப்பாக்களுக்கு நடுவே, அலமாரியில் குழந்தை இயேசு சொரூபம் ஒன்று இருக்கிறது. தலையில் கிரீடம், தோளில் சிவப்பு அங்கி. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டு வாசலில் குழந்தை இயேசுவை வைத்தால் மறுநாள் வெயில் அடிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்யும் தெலியாவே சொரூபத்தையும் இரவல் கொடுப்பாள். செய்த அலங்காரம் நிலைக்க வேண்டுமே என்கிற தொழில் அக்கறைதான்.

குழந்தை இயேசு பலமுறை கைவிட்டிருக்கிறார். ஆனால் தெலியா ஒருமுறையும் அவரை விட்டுக்கொடுத்ததில்லை. தபால்காரர் மகள் கல்யாணத்தில் விருந்துக் கூடாரம் பறந்துபோய்ப் பக்கத்து ஊர் மாட்டுக் கொட்டகையில் இறங்கியபோது, அவள் ஊரறியச் சொன்ன விளக்கம் இது: "வெச்சது யாரு? பொண்ணோட அம்மா. அவளுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்ல. மனசுல வேணாம்னு வெச்சுக்கிட்டு கையால வெச்சா அவரு என்னடி பண்ணுவாரு, பாவம்." கேட்டவர்கள் அப்படியே நம்பினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பதை அன்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தப் பிப்ரவரி வந்தது.

வாரம் ஒரு புயல். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கச் சோம்பல்படுகிற நாட்டில் புயல்களுக்கு மட்டும் அகரவரிசை தவறாமல் பெயர் வைத்துவிடுகிறார்கள். முதலில் லோர்கன் வந்தது. தெற்கே ஆறுகளெல்லாம் கடைத்தெருவைப் பார்க்கக் கிளம்பின. பிறகு மாவிஸ், பாதி நாடு மின்சாரமில்லாமல் தேநீருக்குத் தவித்தது. புயல் என்ற சொல்லைக் கேட்டதுமே தீவு முழுக்க ஒரே மாதிரி ஓடிப்போய்க் கடைகளில் இருந்த ரொட்டியை எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். ஒரு ராத்திரியில் கடந்துபோகும் காற்றுக்கு எத்தனை ரொட்டி தேவை என்பதை எந்த வானிலை நிலையமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் அலைக்கு நடுவே நின்றுகொண்டு, யாரும் அலைக்கு அருகில் போக வேண்டாம் என்று கத்தினார்கள். டப்ளினில் ஒரு குப்பைத்தொட்டி சாய்ந்தது தலைப்புச் செய்தியானது. மேயோவில் கூரைகள் போனது கடைசி வரியில் வந்தது. யார் வீட்டுப் பிள்ளைகளோ குதித்து விளையாடும் டிராம்போலின் ஒன்று பறந்து வந்து தெலியாவின் கொல்லையில் உட்கார்ந்தது. கேட்டு யாரும் வரவில்லை.

ஆனால் ஊர் கவனித்தது வேறொன்றை. தெலியா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாள்.

காரணம் அவள் மகள் டெர்வ்லா. எதிரே தெரியும் இனிஷ்டோரன் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் ஆசிரியை, ஐந்து பிள்ளைகள். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்துவிடுவதாகப் போனவள், அங்கேயே கோர்மாக் என்று ஒரு மீனவனைப் பார்த்துக்கொண்டாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். கல்யாணக் கவுனை அளவு பார்க்க மாத முதல் வாரம் கரைக்கு வந்தவளை லோர்கன் பிடித்து நிறுத்தியது, மாவிஸ் பூட்டி வைத்தது. படகு ஓடவில்லை. மகள் தாய் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் பாடம் நடத்தினாள். வாழ்நாள் முழுக்கச் 'சின்னக் காத்துதான்' என்று சொன்ன தெலியா, இப்போது மகள் பார்க்க இலை அசைந்தாலே கன்னத்தில் கை வைத்தாள்.

"கடலைப் பாத்தியா டெர்வ்லா? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. கல்யாணம் கட்டிப் போனா வருஷத்துல பாதி நாள் இதே கதிதான். அப்புறம் அம்மான்னு கூப்பிட்டா காதுல விழாது."

"போன் இருக்கும்மா."

"மாவிஸ் வந்தப்ப போனும்தான் போச்சு" என்றாள் தெலியா, மாவிஸ் தன் கூடப்பிறந்தவள் என்பதுபோல்.

கல்யாண வாரத்தில், சனிக்கிழமைக்கு நெட் என்கிற புயல் வருவதாக அறிவிப்பு வந்தது. வாராவாரம் தலை கழுவிக்கொள்ள வரும் பெர்னி, தொட்டியில் தலையைச் சாய்த்தபடியே ஆரம்பித்தாள்.

"சொரூபத்தை யாரு வெக்கப் போறது?"

"பொண்ணு வீடு இது. நான்தான் வெக்கணும்."

"நீயா?" பெர்னி கண்ணில் நுரையோடு நிமிர்ந்தாள். "தபால்காரர் மகள் கல்யாணத்தப்ப என்னமோ சொன்னியே. மனசு, கை, அது இதுன்னு."

தெலியா தண்ணீரைக் கொஞ்சம் சூடாகத் திருப்பினாள். பெர்னி அலறியதில் பேச்சு அத்தோடு நின்றது.

ஊர் பார்க்கும் பார்வை தெலியாவுக்குத் தெரியும். சனிக்கிழமை காற்று அடித்தால், மகள் கல்யாணத்தை மனதார வேண்டாதவள் என்று அவள் சட்டத்தை வைத்தே அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதைவிடக் கொடுமை, அது பொய்யில்லை. அவள் பயந்திருந்தாள். கணவனைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் மகளும் இல்லாமல், காற்றுச் சத்தத்தோடு மட்டும் எப்படி இருப்பது என்று.

தீவுக்காரர்கள் சொரூபத்தை நம்பிப் பிழைக்கிறவர்களில்லை. புதன்கிழமை கடல் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில், கோர்மாக்கின் சொந்தபந்தம் பதினாலு பேர் ஓர் அக்கார்டியன் வாத்தியத்தோடு படகேறி வந்துவிட்டார்கள். ஊரிலிருந்த ஒரே விடுதி குளிர்காலத்துக்கு மூடியிருந்தது. எல்லோரும் தெலியாவின் வீட்டில் இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை மாலை, பெர்னி சாட்சியாகப் பார்த்திருக்க, தெலியா சொரூபத்தை வாசல் மதிலடியில் வைத்தாள். கை வைத்தது. மனது உள்ளே அடுப்படியில் நின்றது.

நெட் சொன்ன நேரத்துக்கு வந்தது. அந்த நாட்டில் நேரம் தவறாத ஒரே விருந்தாளி. வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கிறது, சிவப்பானால்தான் பூசைக்கு விடுமுறை என்று பாதிரியார் சொல்லிவிட்டார். காலையிலேயே மின்சாரம் போனது. ஹேர் டிரையர் செத்தது. கல்யாணப் பெண்ணின் ஈரத் தலையை அடுப்பு நெருப்புக்கு முன்னால் வைத்து, துண்டால் துவட்டிக் காய வைக்க வேண்டியதாயிற்று. டெர்வ்லா சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்ததுபோல்.

"அம்மா."

"தலைய ஆட்டாத."

"சொரூபத்தை நீதான வெச்ச?"

"வெச்சேன்."

"மனசோடவா?"

தெலியா சீப்பை அழுத்தி இழுத்தாள். "தலைய ஆட்டாதன்னு சொன்னேன்ல. பின்னல் கலையும்."

தொழிலில் அவள் செய்த அலங்காரங்களிலேயே அழகானது அது. வாசலைத் தாண்டியதும் நெட் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டது. பெண் தலைவிரிகோலமாகக் கோயிலுக்குள் நுழைந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே நுழைந்தாள். பெர்னி திரும்பித் தெலியாவைப் பார்த்தாள். பெர்னி ஒன்றும் சொல்லாமல் இருந்தது ஊர் வரலாற்றில் அதுதான் முதல் முறை.

தெலியா கேட்ட வரம் அப்புறம் அவளைத் தேடி வந்தது. காற்று நின்றாலும் கடல் நிற்கவில்லை. படகுத்துறைக்குப் பூட்டு. மகள் எங்கும் போகவில்லை. மகளோடு மாப்பிள்ளையும், பதினாலு பேரும், அக்கார்டியனும் போகவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் நாள் தெலியா பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் துணி துவைக்கும் அண்டாவில் வேகவைத்தாள். புயலுக்காக வாங்கிக் குவித்த ரொட்டி எல்லாம் தீர்ந்தது. கோர்மாக்கின் சித்தப்பா சிகையலங்கார நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். வாடிக்கையாளர்கள் அவர் குறட்டைக்கு மரியாதை கொடுத்து நின்றுகொண்டே தலை வாரிக்கொண்டார்கள். அத்தைமார் இருவர் கொல்லையில் டிராம்போலின்மேல் உட்கார்ந்து புகைபிடித்தார்கள்.

"அத்தை, இன்னும் ரெண்டு நாள் சிரமம்" என்றான் கோர்மாக், தட்டுகளைக் கழுவிக்கொண்டே. நல்ல பையன்தான். அதுவே தெலியாவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, டெர்வ்லா ஜன்னலோரம் கைபேசியில் வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் ஒரு சின்னக் குரல், "டீச்சர், எப்ப வருவீங்க?" என்றது.

"படகு விட்டதும் வீட்டுக்கு வந்துருவேன்டா."

கண் தீவின் மேலேயே இருந்தது. பிறந்து வளர்ந்த வீட்டில், தாய் சுட்ட ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னாள். தெலியா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். அவளுக்கு வலித்தது. ஒரு மாதமாகக் காற்று பிடித்து வைத்திருந்தது மகளின் கவுனையும் கைப்பையையும்தான். மகள் எப்போதோ படகேறிப் போய்விட்டிருந்தாள்.

அலமாரிக்குத் திரும்பியிருந்த குழந்தை இயேசுவை அவள் எடுத்தாள். இழுப்பறையைத் திறந்து இன்னொன்றையும் எடுத்தாள். வெளியே வந்து, மதிலடியில் இல்லை, மதில் மேலேயே, தீவைப் பார்க்க அவரை நிறுத்தினாள். தலை கழுவிக்கொள்ள வந்துகொண்டிருந்த பெர்னி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது? இப்ப யாருக்குக் கல்யாணம்?"

"படகு விடணும்டி" என்றாள் தெலியா. கிரீடத்தின்மேல் பிளாஸ்டிக் மழைத்தொப்பியை மாட்டி, ஓரத்தை இழுத்துச் சரிசெய்து, குழந்தை இயேசுவின் தாடைக்குக் கீழே நாடாவை முடிந்தாள். பிறகு இன்னொரு முடிச்சும் போட்டாள்.