கீறல் விழாத கத்தி

புனே பக்கம் சிஞ்ச்வட் பட்டறையில் வேலை போனதும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து லோக்கல் ரயில் ஏறினேன். பக்கத்தில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு கோயம்புத்தூர்க்காரர். செல்போன் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு, துப்பாக்கி விளையாட்டில் தான் வைத்திருக்கும் நீலக்கத்தியைக் காட்டினார்.

“இந்த நீலம் அபூர்வமுங்க. எத்தனை விளையாடினாலும் கீறல் விழாது. வீட்டுல வித்துப்போடச் சொல்றாங்க. நெசப் பணம் குடுத்தே வாங்க ஒருத்தன் காத்துட்டிருக்கான்.”

“இதால எத்தனை பேரைக் குத்தினீங்க?”

“குத்தறதா? திருப்பித் திருப்பி அழகு பார்ப்பனுங்க. அந்நேரம் பார்த்து எவனாவது சுட்டுப்போடறான்.”

சிரிக்காமல் சொன்னார். விற்கும் பொத்தானுக்குப் போன விரல் திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பியது. சிவாஜிநகரில் அவர் இறங்கியபோதும் கத்தி சுழன்றுகொண்டிருந்தது. விற்றாரோ என்னவோ.

மறுநாள் காலை வடாபாவ் கடையில் பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கும் வேலை கிடைத்தது. கத்தி முழுக்கக் கீறல். வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். அந்நேரம் பார்த்து முதலாளியிடம் திட்டு விழுந்தது.