ஷேட் கார்டில் இல்லாத நிறம்

என் ஸ்டுடியோ மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய ஷேட் கார்டு ஒன்று இருக்கிறது. பெயிண்ட் கடைகளில் சுவருக்கு நிறம் பார்த்துச் சொல்லக் கொடுப்பார்களே, கட்டம் கட்டமாக நிறங்கள் அச்சடித்த மடிப்பு அட்டை, அதுதான். சுத்த வெள்ளையில் தொடங்கி, தந்தம், சந்தனம் என்று இறங்கி, ஒரு வெளிர் காவியோடு முடிந்துவிடும். ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒட்டிய பெருவிரல் தடம் ஒன்று உண்டு. கல்யாண ஆல்பம் பேச வருகிறவர்கள், "இன்னாண்ணே, வெள்ளையடிக்கிற காண்ட்ராக்டும் எடுக்கறியா?" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உத்திரமேரூரில் வேறெந்த ஸ்டுடியோவிலும் இல்லாத சொத்து அது. அதை வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் பஜாரில் பாயின் பெயிண்ட் கடை இருந்தது. கடை மாடியில் அவருடைய கேபிள் டிவி கண்ட்ரோல் ரூம். கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத். பூத்தில் உட்கார்ந்திருந்தவரை ஊரே பூத் அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் நம் ஆட்கள் பேசுவது தெருமுனை வரை கேட்கும் என்பதால், அக்காவுக்கு ஊரின் எல்லாக் குரலும் அத்துப்படி. துபாயில் இருக்கும் மகனிடம் பேசும் அம்மா எப்படி முதலில் அழுவாள், மீட்டரைப் பார்த்ததும் எப்படிச் சட்டென்று அழுகையை நிறுத்துவாள் என்று ஒருநாள் நடித்துக் காட்டினார். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்த நம்ம கேபிள்லயே போட்டா இன்னாமா?" என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'சும்மா அரை மணி'. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து குட்டி நாடகங்கள் வரும். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான்தான் கேமரா. கடைக்கு வரும் பெயிண்டர் மேஸ்திரி கதாநாயகன், வில்லன், தேவைப்பட்டால் மாமியார்.

அந்தக் காலத்துச் சினிமாவில் கறுப்பாக ஒருவர் வந்தாலே சிரிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். அக்கா நல்ல கறுப்பு. கொட்டகையில் அந்த மாதிரிக் காட்சிக்கு எல்லோரும் சிரிக்கும்போது தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னார். அழுதுகொண்டு சொல்லவில்லை, கடுகடுவென்று சொன்னார். அந்தக் கடுப்பெல்லாம் நிகழ்ச்சியில் இறங்கியது. எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு பார்க்க வந்த வெள்ளைக்காரிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இளநீர் வெட்டி, அவள் தும்மினால்கூடக் கைதட்டும் நம் ஊர் ஆட்களைப் பற்றி ஒரு நாடகம். முகம் முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு அக்காவே வெள்ளைக்காரியாக வந்தார். தனக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் ஆடினால்தான் பாட்டு வரும் என்று அடம்பிடிக்கும் கதாநாயகனை வேர்க்கடலைக் கொல்லையில் ஆடவிட்டோம். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

பெண் பார்க்கும் நாடகத்தை அக்கா வெகுநாள் மனதில் வைத்திருந்தார். பெண் பார்த்துவிட்டு பஸ் ஏறுமுன் பூத்துக்குள் நுழைந்து, "எல்லாம் சரி, கலருதான் கொஞ்சம் கம்மி" என்று போனில் சொல்பவர்களிடம் காசு வாங்கிப் போடுவது அவர் வேலை. அவரைப் பெண் பார்க்க வந்துபோனவர்களும் அதையேதான் வேறு ஏதாவது பூத்திலிருந்து சொல்லியிருப்பார்கள். நாடகத்தில் மாப்பிள்ளையின் அம்மா பாய் கடை ஷேட் கார்டோடு வந்து, பெண்ணாக வரும் அக்காவின் கன்னத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பாள். மாமியார் வேஷத்துக்கு மேஸ்திரி சேலை கட்டி, நகப்பூச்சு பூசி, பெருவிரல் காயுமுன்பே அட்டையைப் பிடித்துவிட்டார்.

முதல் தடவை எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது நாடகம் படுத்துவிட்டது. கல்யாணப் பெண் என்றால் முகத்துக்கு நேரே ஃபோகஸ் லைட்டை அடித்து வெளுக்க வைப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். கை பழக்கத்தில் அப்படியே செய்திருந்தேன். டிவியில் அக்காவின் கன்னமும் அட்டையின் முதல் கட்டமும் ஒரே வெள்ளை. மாமியார் எதைக் குறை சொல்கிறாள் என்றே புரியவில்லை.

"இன்னாபா இது, பொம்மயாட்டம் எடுத்துகினு கீற? இதுல நான் எங்க கீறேன்?" என்றார் அக்கா.

லைட்டை அணைத்தேன். மாடி ஜன்னலோரம் உட்காரவைத்து, எதிரே ஒரு வேட்டியைக் கட்டி, வெயில் அதில் பட்டு மெதுவாக முகத்தில் விழும்படி செய்தேன். இந்த முறை டிவியில் அக்கா அக்காவாகவே தெரிந்தார். நெற்றியின் மினுமினுப்பு, மூக்குத்தி, கண்ணில் இருந்த நக்கல் எல்லாம் தெரிந்தது. மாமியார் உதட்டைப் பிதுக்க, பெண் அட்டையை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துச் சொல்வாள்: "எங் கலரு டப்பாவுல வராதுங்க." அவ்வளவுதான் நாடகம். ஓடி முடிந்த பிறகும் அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு அழகாக நான் அதுவரை யாரையும் எடுத்ததில்லை.

விஷயம் தெரிந்து அக்காவின் அப்பா கடைக்கே வந்துவிட்டார். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து, நாடகம் வரும் ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நல்ல இடம். "அவுங்க வூட்லயும் பாய் கேபிள்தாம்மா ஓடுது. இத்தப் பாத்துட்டு எவன் வருவான்?" என்று மகளிடம் கேட்டார். பாய்க்கும் தர்மசங்கடம். "எனக்கே பேஜாரா கீது. நீ வாணாம்னா பழைய கேசட்டப் போட்டுக்கறேன்மா" என்றார். நான் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "வர்றவங்க பாத்துட்டே வரட்டும் நைனா. பாத்துட்டு வராதவங்க, பாக்காம வந்து மட்டும் இன்னா சொல்லப் போறாங்கோ?" என்றார். பெரியவர் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோம். முதலில் தெருவெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைசி வசனத்தில் சட்டென்று அடங்கியது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ கைதட்டினார்கள், பெண்பிள்ளைகளாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. மறுநாள் காலை அக்கா வழக்கம்போலப் பூத்தைத் திறந்து ஊதுவத்தி ஏற்றினார். கண் வீங்கியிருந்தது. ஆனால் அடுத்த வார நாடகத்துக்கு மேஸ்திரிக்கு எந்தச் சேலை என்று கேட்டார். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும். அதற்கப்புறம் நாளாகி ஒருவர் பெண் பார்க்க வந்தார், மின்வாரியத்தில் லைன்மேன். நிகழ்ச்சியை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்துவிட்டு வந்தவர். அவர்கள் கல்யாண வீடியோவை ஃபோகஸ் லைட் இல்லாமல் எடுத்தேன். நகப்பூச்சுக் கறை பட்ட அட்டையை வாடிக்கையாளரிடம் காட்ட முடியாது என்று பாய் தூக்கிப்போடப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது பூத்தும் இல்லை, அந்தக் கேபிளும் இல்லை. வெளுக்க வைக்க ஃபோகஸ் லைட்டும் வேண்டாம், போனே செய்துவிடுகிறது. போன மாதம் திருமுக்கூடலிலிருந்து ஒரு பெண் கல்யாண ஆல்பத்துக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும், கூட வந்த மாப்பிள்ளை வீட்டு அத்தை, "மூஞ்ச மட்டும் கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிடுப்பா" என்றார். பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாதிரி ஆல்பத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "அப்டியே வுடுண்ணே. எங் கலரு டப்பாவுல வராது" என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. "இது யார் சொன்னதும்மா?" என்றேன்.

"யாரு சொன்னது? எங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதாண்ணே" என்றாள். அவள் முழங்கைக்கு அடியில், கண்ணாடிக்குக் கீழே, அந்த ஷேட் கார்டு இருந்தது.

பாயின் கேபிள் வயர் திருமுக்கூடல் வரை போனதே கிடையாது.