ஜூலையில் புத்தாண்டு

எட்டு மாதம் தாய்லாந்தில் இருந்துவிட்டு வந்த பவிசைக் காட்ட, இன்று மனைவியை, பிரெஞ்சு பேசும் எங்கள் வில்லரேப் பகுதியில் ஒரு தாய் உணவகத்துக்குக் கூட்டிப்போனேன்.

வாசலில் நின்ற பெண் கும்பிட்டு, "சவாதீக்கா" என்றார்.

எனக்கு இது அத்துப்படி. சவாதி என்றால் வணக்கம். அக்கா என்றால் அக்காதான். "சவாதி அக்கா!" என்றேன்.

உள்ளேயிருந்து அவருடைய கணவர் வந்தார். விடுவேனா? "சவாதி அண்ணை!"

மனிதர் விழித்தார். பிறகு பிரெஞ்சில், "பொன் அனே! ஆனால் இது ஜூலை, மிஸியே" என்றார்.

பிரெஞ்சில் அனே என்றால் ஆண்டு. என் அண்ணையைப் புத்தாண்டு வாழ்த்தாக்கிவிட்டார்!

அந்தப் பெண் சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கினார். 'கா' என்பது பெண்கள் மரியாதைக்குச் சேர்ப்பதாம். ஆண்கள் 'க்ரப்' என்பார்களாம்.

"எட்டு மாசமும் இப்பிடியேயப்பா சொல்லித் திரிஞ்சனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம். விசா ஒஃபிசருக்கும் அண்ணை எண்டுதான் சொன்னனான். ரெண்டு தரம் நீட்டித் தந்தவர்."

புறப்படும்போது அந்தப் பெண்ணின் கணவர் கைகூப்பி, "சவாதி அண்ணை!" என்றார்.

எனக்குத் தாய் மொழி வரவில்லை. என் தாய்மொழி அவருக்கு வந்துவிட்டது.

எல்லாருக்கும் பொன் அனே! தாய்லாந்தில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை, நீங்களும் தொடங்க வேண்டாம்.